ஊர் போனது, கோயில் நின்றது

யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் கூரையில்லாமல் நிற்கும் ஒரு பங்குக் கோயிலும் அதன் கல்லறைத் தோட்டமும் 500 ஆண்டுகளுக்கு முன் காலியான ஒரு கிராமத்துக்குச் சாட்சி.

கோயில் இல்லாத ஊரைப் பற்றித் தமிழில் பழமொழி உண்டு. ஊர் இல்லாத கோயிலைப் பற்றி ஒன்றும் கிடையாது. அதற்குத் தேவை ஏற்படாததுதான் காரணமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே, அப்படி ஒன்று நிற்கிறது. இடத்தின் பெயர் வொரம் பெர்சி. கார் நிறுத்துமிடத்திலிருந்து முக்கால் மைல் நடந்து பள்ளத்தாக்கில் இறங்கினால் முதலில் புல்வெளி. பிறகு ஒரு குளம். குளத்தை ஒட்டி புனித மார்ட்டின் கோயில்.

கோயிலுக்குக் கூரை இல்லை. கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்துவிட்டதால் அதன் உட்புறம் வெளியே தெரிகிறது. சுற்றிலும் சில கல்லறைக் கற்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் தேரும் திருவிழாவும் நடத்த ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை மணியடித்தால் கேட்க ஒரு தெருவும் இல்லை. மேற்கே உள்ள மேட்டில் புல்லுக்கு அடியில் வரிசை வரிசையாகச் சிறு வரப்புகள் போலத் தெரிபவை வீடுகளின் அடித்தளங்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது அவை எழும்பி நிற்கின்றன. வீடு, கொல்லை, அவற்றுக்கிடையே சந்து. வெயில் மறைந்ததும் மறுபடி வெறும் புல்.

இங்கிலாந்தில் இப்படிக் காலியான இடைக்கால கிராமங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் வொரம் பெர்சி அளவுக்கு எதுவும் தோண்டிப் பார்க்கப்பட்டதில்லை. இந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள் அளவுக்கு இடைக்காலக் கிராமவாசிகள் யாரும் இவ்வளவு நுணுக்கமாக விசாரிக்கப்பட்டதும் இல்லை. இதனால்தான் இந்த இடிந்த கோயில் முக்கியமாகிறது. இங்கே என்ன நடந்தது என்று சொல்ல இரண்டு வகைச் சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று, பிரபுக்களின் கணக்கு ஏடுகள். மற்றது, மண்ணுக்குள் இருந்தவர்கள்.

கோயிலின் சுவர்களே முதல் பாடம். பக்கச் சுவரைப் பார்த்தால் அதில் வளைவுகள் தெரியும். வாசல் மாதிரி பெரிய வளைவுகள். ஆனால் அவற்றில் நுழைய முடியாது. கல்வைத்து அடைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் அவை திறந்திருந்தன. அவற்றுக்கு அப்பால் ஜனங்கள் நிற்பதற்கான பக்கக்கூடம் இருந்தது. நிற்க ஜனம் இல்லாமல் போனபோது கூடத்தை இடித்து, வளைவுகளை அடைத்துவிட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ற ஒன்று பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சுவர் கணக்கெடுத்து வைத்திருக்கிறது.

தொல்லியலாளர்கள் 1962 முதல் 1974 வரை கோயிலின் தரையைப் பெயர்த்துப் பார்த்தபோது கதை இன்னும் பின்னோக்கிப் போனது. அடியில் தூண் நட்ட குழிகளின் தடயங்கள் இருந்தன. 10ஆம் நூற்றாண்டு வாக்கில் அங்கே மரத்தாலான ஒரு சின்னக் கோயில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சிறிய கற்கோயில். நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின் அதைவிடப் பெரியது. பின்னர் கோபுரம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கே ஒரு பக்கக்கூடம். பிறகு வடக்கேயும் ஒன்று. கிராமம் பெருகப் பெருக, நிற்க இடம் போதாமல் கோயில் தன் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே போயிருக்கிறது.

கிராமத்தின் பெயர் எழுத்தில் முதலில் வருவது 1086ல். வில்லியம் மன்னர் யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்று நாடு முழுக்க எடுத்த 'டூம்ஸ்டே' கணக்கில் வொரம் இருக்கிறது. பிற்பாடு அங்கே நிலம் வைத்திருந்த பெர்சி குடும்பம் பெயரின் பின்பாதியைக் கொடுத்தது. கோயில் அந்த ஒரு ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. தெய்க்ஸன்டேல், ரெய்ஸ்தோர்ப், பர்டேல், டோதோர்ப் என்று சுற்றியிருந்த நான்கு குடியிருப்புகளும் அதே பங்கைச் சேர்ந்தவை.

பங்கு என்பது வெறும் பக்தி சமாசாரமில்லை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்குப் போக வேண்டும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் அங்கேதான். இடைக்கால விவசாயிக்கு அந்தக் கோயில் தாலுகா அலுவலகம், கல்யாண மண்டபம், இடுகாடு மூன்றுமாக இருந்தது. இந்தச் சில்லறை விவரம் பின்னால் பெரிய விவரமாகப் போகிறது. கிராமம் அழிந்த பின்னும் கோயில் தப்பித்ததற்கு இதுவே காரணம்.

அழிவு என்றதும் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: பிளேக். 1348-49ல் 'கறுப்புச் சாவு' இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டுபோனது. காலி கிராமத்தைப் பார்க்கும் எவருக்கும் அந்த விளக்கம் உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. கொள்ளை நோய் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஆவணங்கள் இந்த வசதிக்கு இடம் கொடுக்கவில்லை. சரிவு பிளேக்குக்கு முன்பே தொடங்கிவிட்டது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடர் மழையும் பஞ்சமும் வந்தன. 1322ல் ஸ்காட்லாந்துப் படைகள் யார்க்‌ஷயருக்குள் புகுந்து சூறையாடின. 1323ல் நடந்த விசாரணை ஒன்று, வொரத்தில் நிலத்தின் பெரும்பகுதி தரிசாகக் கிடந்ததாகவும் மாவு ஆலைகள் பாழாகிவிட்டதாகவும் சொல்கிறது. பிறகு பிளேக் வந்தது. சந்தேகமில்லாமல் பலர் மாண்டார்கள். ஆனால் 1368ல் கிராமத்தில் ஏறக்குறைய 30 வீடுகளில் ஆட்கள் குடியிருந்தார்கள். அடி வாங்கிய கிராமம் விழவில்லை. அதற்குப் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழுதது, விதைத்தது, குழந்தை பெற்றது.

கிராமத்தை முடித்து வைத்தவை ஆடுகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு கணக்கு. பிளேக்குக்குப் பிறகு ஜனத்தொகை குறைந்ததால் தானியத்துக்குக் கிராக்கி குறைந்தது, கூலி ஏறியது. கம்பளிக்கு மட்டும் நல்ல விலை. உழவுக்கு ஒரு கிராமமே வேண்டும். மேய்ச்சலுக்குச் சில இடையர்களும் நாய்களும் போதும். நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்து குத்தகை வசூலிப்பவருக்கு இந்தக் கணக்கு புரிய நெடுநேரம் ஆகாது.

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வொரம் பெர்சி, பெர்சி குடும்பத்திடமிருந்து ஹில்டன் குடும்பத்துக்குக் கைமாறியது. 1500 வாக்கில் கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இது தெரியவருவது அரசாங்க விசாரணை ஒன்றினால். கிராமங்கள் காலியாவதைத் தடுக்க 1489லேயே சட்டம் வந்திருந்தது. உழவர் இல்லாவிட்டால் வரி இல்லை, போருக்கு ஆளும் இல்லை என்பது மன்னரின் கவலை. 1517ல் கார்டினல் வுல்ஸி, யார் யார் வீடுகளை இடித்தார்கள், எத்தனை ஏர்களை நிறுத்தினார்கள் என்று விசாரிக்க அதிகாரிகளை அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான தாமஸ் மூரின் 'உட்டோப்பியா'வும் மேய்ச்சலுக்காக உழவர்கள் துரத்தப்படுவதைத்தான் சாடியது.

அந்த விசாரணைப் பதிவில் வொரம் பெர்சிக்குக் கிடைத்த இடம் ஓரிரு வரிகள். ஹில்டன் பிரபு நான்கு வீடுகளை விழவிட்டார். நான்கு ஏர்கள் நின்றுபோயின. அவ்வளவுதான். அந்த நான்கு வீடுகளில் இருந்தவர்களின் பெயர் இல்லை. எங்கே போனார்கள் என்பது இல்லை. வண்டியில் என்ன ஏற்றிக்கொண்டார்கள், கிளம்பும்போது கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார்களா என்பதெல்லாம் அதிகாரிகள் கேட்ட கேள்விகளில் சேரவில்லை. ஏர் எத்தனை என்பதுதான் கேள்வி. பதிலும் அதற்குத்தான்.

அத்துடன் கிராமம் முடிந்தது. கோயில் முடியவில்லை. பிரபு வீடுகளை இடிக்கலாம். பங்குக் கோயிலில் கைவைக்க முடியாது. அதைச் சுற்றி மற்ற குடியிருப்புகளின் உரிமைகளும் தசமபாக வருமானமும் பின்னிக் கிடந்தன. அதோடு, தெய்க்ஸன்டேல்காரர்களுக்கு அவர்கள் தாத்தா பாட்டி படுத்திருக்கும் இடம் அது. உயிரோடிருந்தவர்களைக் காலி செய்ய முடிந்தது. இறந்தவர்களுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்க முடியவில்லை.

ஆகவே அடுத்த மூன்றரை நூற்றாண்டுகள் ஒரு விசித்திரமான ஏற்பாடு நடந்தது. ஆட்டு மந்தைகளுக்கு நடுவே ஒரு கோயில். ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றுகளைத் தாண்டி மைல் கணக்கில் நடந்துவரும் குடும்பங்கள். சேற்றிலும் பனியிலும் தோளில் சுமந்து கொண்டுவரப்படும் சவப்பெட்டிகள். வருகிறவர்கள் குறைந்துவிட்டதால் பக்கக்கூடங்கள் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் பலிபீடம் இருந்த கிழக்குப் பகுதியும் சுருக்கப்பட்டது. முந்நூறு ஆண்டுகளாகத் தளர்த்திய பட்டையைக் கோயில் மறுபடி இறுக்கிக்கொண்டது.

கடைசி அடி நல்லெண்ணத்தில் விழுந்தது. ஸ்லெட்மியரைச் சேர்ந்த பெரும் நிலக்கிழாரான டாட்டன் ஸைக்ஸ், அந்தக் குன்றுகளில் கோயில்களைக் கட்டுவதையும் புதுப்பிப்பதையும் வாழ்நாள் வேலையாகச் செய்தவர். 1870ல் தெய்க்ஸன்டேலிலேயே ஒரு புதிய கோயில் எழுந்தது. அங்குள்ள மக்களுக்குப் பெரிய நிம்மதி. வயதானவர்கள் இனி மலையேற வேண்டாம். ஆனால் புனித மார்ட்டினை இதுவரை தாங்கியது அந்த நடைதான். அது நின்றதும் கோயிலின் மூச்சும் குறையத் தொடங்கியது.

1949ல் கடைசி வழிபாடு. அடுத்த பத்தாண்டுகளில் கூரையின் ஈயத் தகடுகளைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போனார்கள். ஈயம் போனால் மழை உள்ளே வரும். மழை வந்தால் மரம் உளுக்கும். 1959ல் புயலுக்குப் பிறகு கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஆயிரம் ஆண்டுகளாக யாராவது ஒருவர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கட்டடம், யாரும் பார்க்காத பத்தே ஆண்டுகளில் இடிபாடாகிவிட்டது.

இதற்குள் வேறொரு கூட்டம் பள்ளத்தாக்குக்கு வரத் தொடங்கியிருந்தது. 1948ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் இளம் பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் முதல்முறை இங்கே வந்தார். இங்கிலாந்தில் இடைக்காலத்தில் கைவிடப்பட்ட கிராமங்கள் மிக அபூர்வம் என்பது அன்று பெரிய வரலாற்றாசிரியர்கள் சிலரின் கருத்து. வரைபடங்களையும் வரி ஏடுகளையும் வைத்துக்கொண்டு வயல்களில் நடந்து பழகிய பெரஸ்ஃபோர்டுக்கு அதில் நம்பிக்கையில்லை. புல்லுக்கு அடியில் இருப்பவை வீடுகள்தான் என்று நிரூபிக்க 1950ல் மண்வெட்டியை எடுத்தார். அவர் தொல்லியலாளர் அல்ல. சுவர் இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளம் தோண்டிய சரித்திர ஆசிரியர்.

தொழில் தெரிந்த ஜான் ஹர்ஸ்ட் விரைவிலேயே அவரோடு சேர்ந்தார். இருவரும் சேர்ந்து நடத்திய அகழாய்வு 1990 வரை, 40 ஆண்டுகள் நீடித்தது. ஆண்டுதோறும் ஜூலையில் சுமார் மூன்று வாரங்கள். தோண்டியவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள்: மாணவர்கள், ஆசிரியர்கள், சீர்திருத்தப் பள்ளி இளைஞர்கள். குறுகலான குழிகளை வெட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரு வீட்டின் முழுப் பரப்பையும் படலம் படலமாகத் திறக்கும் முறையை டென்மார்க்கிலிருந்து கற்றுக்கொண்டு இங்கே பயன்படுத்தினார்கள். பிரிட்டிஷ் தொல்லியலில் அது பிறகு வழக்கமாயிற்று. அபூர்வம் என்று சொல்லப்பட்ட காலி கிராமங்களின் பட்டியலை இருவரும் 1971ல் வெளியிட்டபோது அதில் 2,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன.

வீடுகளில் கிடைத்தவை பானை ஓடுகள், ஆணிகள், எலும்புத் துண்டுகள். மனிதர்கள் கிடைத்தது கோயிலைச் சுற்றி. கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதியையும் கோயிலின் உட்புறத்தையும் தோண்டியதில் 687 பேரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 10ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை அடக்கமானவர்கள். பெரும்பாலோர் கிராமம் உயிரோடிருந்த காலத்தவர்கள். இன்று அங்கே நிற்கும் பெயர் பொறித்த கற்கள் பிற்காலத்தவை. இடைக்கால உழவனுக்குக் கல் கிடையாது. துணியில் சுற்றி, தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துப் புதைப்பார்கள். சில தலைமுறை கழித்து அதே இடத்தில் இன்னொருவர்.

இந்த 687 பேருடன் நீண்ட காலம் செலவிட்டவர் எலும்பியல் அறிஞர் சைமன் மேஸ். அவர்களைப் பற்றிய முழு ஆய்வு 2007ல் நூலாக வந்தது. பிரபுவின் ஏடுகள் கேட்காத கேள்விகளை மேஸும் சக ஆய்வாளர்களும் கேட்டார்கள். என்ன சாப்பிட்டார்கள்? குழந்தைகள் எப்படி வளர்ந்தன? எங்கே வலித்தது?

குழந்தைகள் விஷயத்தில் கிடைத்த பதில் மனதைப் பிசைவது. எலும்பில் உள்ள நைட்ரஜன் அணுக்களின் விகிதத்தை வைத்துத் தாய்ப்பால் குடித்த காலத்தைக் கணிக்க முடியும். வொரம் பெர்சியின் தாய்மார்கள் ஏறக்குறைய ஒன்றரை வயது வரை பால் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் குழந்தைகளின் வளர்ச்சி இன்றைய குழந்தைகளின் வளர்ச்சிக்குக் குறைந்ததல்ல. பால் நின்ற பிறகுதான் பின்தங்கல். அங்கே 14 வயதுப் பிள்ளையின் உயரம் இன்றைய பிரிட்டனின் 10 வயதுப் பிள்ளையின் உயரம்தான். பெரியவர்கள் அவ்வளவு குள்ளமில்லை. மற்றவர்கள் பதினெட்டில் முடிக்கும் வளர்ச்சியை அவர்கள் இருபதுகள் வரை இழுத்துப்பிடித்து முடித்திருக்கிறார்கள். தாய் கொடுக்க முடிந்தவரை குழந்தைக்குக் குறையில்லை; நிலம் கொடுக்க வேண்டிய கட்டத்தில் குறை வந்தது.

பெண்களின் எலும்புகள் இன்னொன்றைச் சொல்லின. வயதான காலத்தில் எலும்பு தேய்வது நாற்காலியில் உட்கார்ந்தே வாழும் நவீன வாழ்க்கையின் விளைவு என்ற எண்ணம் பரவலாக உண்டு. வயலிலும் வீட்டிலும் ஓயாமல் உழைத்த வொரம் பெண்களுக்கும், ஐம்பதைத் தாண்டியவர்களிடம், இன்றைய பெண்களுக்கு இருக்கும் அளவு எலும்புத் தேய்மானம் இருந்தது. உழைப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. காசநோயின் தடயமும் பல எலும்புகளில் இருந்தது. மாடுகளோடு ஒரே கூரைக்கடியில் வாழ்ந்தவர்களுக்கு மாட்டிலிருந்து தொற்றியிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மரபணுச் சோதனை காட்டியதோ மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வகை. ஒதுக்குப்புறமான கிராமம் என்று நினைத்த இடத்துக்குள் வெளி உலகம் இருமிக்கொண்டே நுழைந்திருக்கிறது.

பெரியவர்களில் ஆண்களின் எண்ணிக்கை தெளிவாக அதிகம். பெண்கள் எங்கே? சுமார் 20 மைல் தொலைவில் யார்க் நகரம். அங்குள்ள இடைக்காலக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் பெண்கள் அதிகம். வீட்டு வேலைக்கும் நெசவுக்கும் நகரத்துக்குப் போன கிராமத்துப் பெண்கள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே மண்ணாகியிருக்கலாம் என்பது மேஸின் ஊகம். இன்று எந்த ரயில் நிலையத்திலும் பார்க்கக் கிடைக்கும் காட்சிதான் இது. தகரப் பெட்டி மட்டும்தான் புதிது.

ஒரே ஒரு மனிதர் மட்டும் தனியாக நினைவில் நிற்கிறார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஆண். 10ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 11ஆம் நூற்றாண்டிலோ வாழ்ந்தவர். மழுங்கிய ஆயுதம் ஒன்றால் யாரோ அவர் மண்டையில் அடித்திருக்கிறார்கள். எலும்பு உடைந்து உள்ளே அமுங்கியிருக்கிறது. இன்னொருவர் தலைத்தோலை உரித்து, உடைந்த துண்டுகளை அகற்றியிருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம். அந்த எலும்பு பிறகு ஆறியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. ஆள் பிழைத்துக்கொண்டார். மருத்துவர் யார், கூலி என்ன, எங்கிருந்து வந்தார்? ஏழை உழவன் ஒருவனுக்கு இவ்வளவு நுட்பமான சிகிச்சை கிடைத்திருக்கும் என்று ஏடுகளை மட்டும் படிப்பவர் நம்பியிருக்க மாட்டார்.

எலும்புகள் சொன்னது எல்லாமே அனுதாபத்தைத் தூண்டுவதில்லை. 1960களில் கோயிலிலிருந்து தள்ளி, வீடுகள் இருந்த பகுதியில், சில குழிகளில் 137 எலும்புத் துண்டுகள் கிடைத்திருந்தன. ரோமானியர் காலத்துப் பழைய எலும்புகள் தோண்டும்போது கலந்திருக்கும் என்று முதலில் நினைத்து ஒதுக்கிவைத்தார்கள். காலக் கணிப்பு வேறு விதமாகச் சொன்னது. அவையும் கிராமம் உயிரோடிருந்த நூற்றாண்டுகளைச் சேர்ந்தவைதான். குறைந்தது பத்துப் பேர். இரண்டு, மூன்று வயதுக் குழந்தை முதல் ஐம்பது கடந்தவர் வரை. இறந்த பின் கத்தியால் வெட்டி, உடைத்து, எரித்திருக்கிறார்கள்.

பஞ்சத்தில் மனித மாமிசம் தின்றார்களா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் தவிர்க்கவில்லை. ஆனால் மாமிசத்துக்காக வெட்டினால் சதைப்பிடிப்பான இடங்களில்தான் வெட்டு விழும். இங்கே வெட்டுகள் தலை, கழுத்துப் பகுதிகளில் குவிந்திருந்தன. 2017ல் வெளியான ஆய்வின்படி, கல்லறையிலிருந்து எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தொல்லை செய்வார்கள் என்ற பயத்தில் சில பிணங்களை இப்படிச் சிதைத்திருப்பது பொருத்தமான விளக்கம். 12ஆம் நூற்றாண்டில் அதே யார்க்‌ஷயரில் வாழ்ந்த துறவி நியூபர்க் வில்லியம், எழுந்து நடக்கும் பிணங்களைப் பற்றிய சம்பவங்களைத் தன் வரலாற்று நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஒருவேளை இவர்கள் வெளியூர்க்காரர்களா என்று பற்களைச் சோதித்தார்கள். இல்லை. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். அந்தப் பத்துப் பேருக்கும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. எல்லோரையும் சமமாக ஏற்கும் மண் என்ற பேச்சுக்கு அங்கேயும் விதிவிலக்கு இருந்தது.

புதைக்கப்பட்டவர்களைத் தோண்டியெடுத்து விசாரிப்பது நியாயமா என்ற கேள்வி எழாமல் இருக்காது. கடைசி நாள் வரை யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அடக்கமானவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கை மீறப்பட்டது உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அவர்கள் உயிரோடிருந்தபோது அவர்களைப் பற்றி யாரும் எதையும் விசாரிக்கவில்லை. ஏட்டில் அவர்கள் ஏர்க் கணக்கு, வீட்டுக் கணக்கு, பாக்கிக் கணக்கு. ஒரு தாய் எத்தனை மாதம் பால் கொடுத்தாள் என்று கேட்க 500 ஆண்டுகள் கழித்து ஒரு சோதனைச்சாலை வர வேண்டியிருந்தது.

பிளேக் கிராமத்தை அழித்தது என்று இப்போதும் சுற்றுலாப் பயணிகள் சொல்லிக்கொண்டு போகிறார்கள். சுவரில் அடைபட்ட வளைவுகளுக்கு முன் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல வராது. நோய் ஒரே நாளில் காலி செய்திருந்தால், வளைவுகளை அடைக்க ஆள் இருந்திருக்காது. இருந்தவர்களே, குறைந்துபோன தங்களுக்கு ஏற்றாற்போலச் சுவரைச் சுருக்கிக் கட்டியிருக்கிறார்கள். இழந்ததை ஏற்றுக்கொண்டு மிச்சத்தில் வாழ்ந்துவிடத் தயாராக இருந்த ஜனங்கள். அவர்களை அனுப்பி வைக்க நோய் போதவில்லை, பஞ்சம் போதவில்லை, படையெடுப்பும் போதவில்லை. கம்பளி விலை போதுமானதாக இருந்தது.

கோயிலும் கிராமத்தின் நிலமும் 1970களில் அரசின் பாதுகாப்புக்கு வந்தன. இப்போது பொறுப்பு 'இங்கிலிஷ் ஹெரிடேஜ்' அமைப்பிடம். நுழைவுக் கட்டணம் இல்லை. ஹர்ஸ்ட் 2003லும் பெரஸ்ஃபோர்ட் 2005லும் காலமானார்கள். 40 கோடைகளின் பதிவுகள் பதின்மூன்று தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. நாலு வீடு, நாலு ஏர் என்று ஓரிரு வரியில் முடிக்கப்பட்ட ஊருக்கு இத்தனை பக்கங்கள்.

நெடுநடைப் பாதையில் போகிறவர்கள் குளத்தருகே முதுகுப் பையை இறக்கிவைத்துச் சிறிது நேரம் உட்காருகிறார்கள். கூரையில்லாத கோயிலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அப்பால் மேட்டில், வீடுகள் இருந்த இடத்தில், புல் உயராமல் பார்த்துக்கொள்ளக் கால்நடைகள் விடப்பட்டிருக்கின்றன. அடித்தளக் கோடுகள் தெரிய வேண்டுமென்றால் யாராவது மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும்.